சேற்றுக் காலுக்கு ஓர் இடம்

நம் வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் வாசலில் ஒரு கணம் தடுமாறுவார்கள். இந்த வரிசையில் உள்ள வீட்டுத்திட்ட வீடுகள் எல்லாம் ஒரே மாதிரிதான். படி ஏறினால் விறாந்தை, விறாந்தையைக் கடந்தால் கதவு, கதவுக்கு மேலே பிள்ளையார் படம். நம் வீட்டில் மட்டும் படி ஏறியதும் நிலம் நாலு விரல் பள்ளமாக இறங்கும். பள்ளத்தின் ஓரத்தில் சீமெந்துக் கல் அடுக்கி, அதன் மேல் தண்ணீர் நிரப்பிய நீலப் பரல். பரலின் அடியில் ஒரு பைப். சுவரில் மீன் பெட்டிகள், பெட்டிகளுக்குள் செருப்புகள். மேலே கட்டியிருக்கிற வலைத்துண்டில் ஈர உடுப்பு தொங்கும். போன மாதம் கடிதம் கொண்டுவந்த தபால்காரர், "என்ன அண்ணை, மாட்டை உள்ளுக்குக் கட்டப் போறியளோ?" என்று கேட்டார்.

சின்னவள் இதைப் பற்றிக் கேட்காத கேள்வி இல்லை. மூத்தவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காத பிள்ளைக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதுவும் பாதி ஒன்பது. எழுத்துப் பிழை இருந்தால் நீங்கள் இரண்டு பேரும் திருத்தி வாசியுங்கள்.

மூத்தவளே, உன் சித்தப்பா செத்தது உன்னால் என்று நீ நினைக்கிறாய். நீ வாயால் சொன்னதில்லை. உன் கால் சொன்னது. அந்தச் சாவுக்குப் பிறகு நீ பள்ளிக்கூடத்தால் வந்து கால் கழுவுவாய். கழுவிவிட்டு வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போய் இன்னொரு தரம் கழுவுவாய். ஆறு தரம் கழுவியதை நான் எண்ணியிருக்கிறேன். சட்டி மினுக்குகிற தும்பை எடுத்துத் தேய்ப்பாய். ஆவணி மாதம் அம்மா உன் குதிக்காலைப் பார்த்தபோது தோல் வெடித்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. "என்ன பிள்ளை இது?" என்று அம்மா கேட்க, "ஊத்தை போகேல்லை" என்றாய். 

ஆகவே முதலில் இருந்து சொல்கிறேன்.

நானும் உன் சித்தப்பாவும் சண்டையில் இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில் மழை பெய்தால் கூடாரத்துக்குள் தண்ணீர் வரும். தண்ணீர் போனாலும் சேறு போகாது. பாயில் சேறு, சோற்றுக் கோப்பையில் சேறு. எங்கள் அம்மா அந்தச் சேற்றில்தான் கடைசியாகப் படுத்துக் கிடந்தா. அப்போது நான் எனக்குள் ஒரு முடிவு எடுத்தேன்: எனக்கென்று ஒரு வீடு வந்தால் அதன் நிலத்தில் ஒரு பொட்டுச் சேறு இருக்கக் கூடாது. பல வருடம் கழித்து வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்தது. அதற்குப் பிறகு இரண்டு போக நெல்லை விற்று, வீட்டுக்குள்ளும் விறாந்தையிலும் வெள்ளை மாபிள் கல் பதித்தேன். உங்கள் அம்மா சீமெந்து நிலமே போதும் என்றா. நான் கேட்கவில்லை. மாபிள் பதித்த அன்றைக்கு ஒரு சட்டம் போட்டேன். வயலால் வருகிற ஆள் யாராக இருந்தாலும் வெளியே கால் கழுவிவிட்டுத்தான் படி ஏற வேண்டும்.

வெளியே என்றால் எங்கே? கிணறு வீட்டுக்குப் பின்னால், பள்ளத்தில் இருக்கிறது. மாரியில் அந்தப் பக்கம் முழுவதும் வயல் தண்ணீர் ஏறி நிற்கும். கிணற்றடியில் கழுவிவிட்டு வந்தால் வருகிற வழியில் மறுபடியும் சேறு. அதனால் எல்லோரும் செய்வதையே நாங்களும் செய்தோம். கேற்றுக்கு முன்னால் போகிற வாய்க்காலில் ஒரு கல்லைப் போட்டு, அதில் நின்று கழுவினோம். இந்தப் பக்கத்தில் வயல் செய்கிற ஒருவரும் நல்ல தண்ணீரில் சேறு கழுவுவதில்லை. கோடையில் குடிதண்ணீருக்கு அலைகிற சனத்துக்கு அது மனம் வராத வேலை. வாய்க்கால் ஓடினால் சரி. ஓடாமல் பச்சையாகத் தேங்கி நின்றாலும் காலில் இருக்கிற சேறு போகும்தானே. வாய்க்கால் வரம்பில் எலிப் பொந்துகள் இருந்தன. எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒருவரும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

சித்தப்பா கலியாணம் செய்யாத ஆள். வீட்டில் இருந்த இரண்டு அறையிலும் நாங்கள் நாலு பேர். அவனுக்கு விறாந்தைதான் அறை. ஒரு பாய், ஒரு றங்குப்பெட்டி, சுவரில் ஓர் ஆணி, ஆணியில் அவனுடைய நீலச் சேட். கறன்ற் மீற்றர் பெட்டிக்கு மேலே சவரக் கத்தி, சீப்பு, கண்ணாடி. இவ்வளவும்தான் அவனுடைய சொத்து. நான் போட்ட சட்டத்தை விளையாட்டாக்கியது அவன். உனக்கு அப்போது பத்து வயது இருக்கும். உன்னைப் படியில் நிறுத்தி, "இதுதான் சென்றி. நீர்தான் பொறுப்பு. பாஸ் இல்லாமல் ஒருத்தரையும் விடப்படாது" என்றான். சோதனைச் சாவடிகளில் வரிசையில் நின்று வளர்ந்தவன் அவன். அதை வைத்துச் சிரிக்க அவனால் முடிந்தது. என்னால் முடிந்ததில்லை.

அன்றிலிருந்து பின்னேரங்களில் இதுதான் கூத்து. அவன் வயலால் வருவான். நீ படியில் நின்று, "நில்லுங்கோ! கால் செக்கிங்!" என்பாய். சின்னவள் பின்னால் நின்று "செக்கிங், செக்கிங்" என்று குதிப்பாள். அவன் ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலின் உள்ளங்காலை அடையாள அட்டை மாதிரித் தூக்கிக் காட்டுவான்.

"இந்தாங்கோ சேர், ஐசி."

"படம் தெளிவில்லை. திரும்பிப் போங்கோ."

"சேர், பசிக்குது சேர்."

"பசிச்சா வாய்க்காலுக்குப் போங்கோ!"

அம்மா குசினிக்குள் இருந்து சிரிப்பா. நானும் கதிரையில் இருந்து சிரிப்பேன்.

போன வருடம் கார்த்திகை மாத நடுப்பகுதி. சித்தப்பா வரம்பு கட்டிக்கொண்டு நின்றபோது மண்வெட்டி வழுக்கிப் பெருவிரலுக்குப் பக்கத்தில் வெட்டியது. பெரிய காயம் இல்லை. சாரத்து ஓரத்தைக் கிழித்துக் கட்டிக்கொண்டு மிச்ச வேலையையும் முடித்துவிட்டுத்தான் வந்தான். நீ படியில் நின்றாய். அவன் காலைத் தூக்கிக் காட்டினான். கட்டின துணி முழுவதும் சேறு. நீ, "பாஸ் இல்லை" என்றாய். அவன் என்னைப் பார்த்தான். "அண்ணை, காயம் எரியுது. ஒருக்கா விடச் சொல்லுங்கோ" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருந்தேன். நான் சொன்னது எனக்கு ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை.

"போய் வடிவாக் கழுவிப்போட்டு வா. மாபிள் பழுதாப் போகும்."

அவன் போனான். துணியை அவிழ்த்து, கல்லில் நின்று, காயத்தைத் தண்ணீருக்குள் வைத்துத் தேய்த்துக் கழுவினான். வந்து காட்டினான். நீ விட்டாய்.

ஒன்பதோ பத்தோ நாள் கழித்துக் காய்ச்சல். மழைக் காய்ச்சல் என்று நினைத்தோம். பனடோல் போட்டான். கெண்டைக்கால் நோகுது என்றான். வரம்பு வேலை செய்தவனுக்குக் கால் நோகாமல் இருக்குமா என்றேன் நான். கண் சிவந்தது. அம்மா மல்லி அவித்துக் கொடுத்தா. நாலாம் நாள் ஒன்றுக்குப் போனால் சலம் வரவில்லை என்றான். அப்போதுதான் ஓட்டோ பிடித்தேன். ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னிடம் கேட்டது இரண்டே கேள்வி. "வயல் வேலையா? காலில காயம் இருந்ததா?" அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். எலிச் சலம் கலந்த தண்ணீர் காயத்தில் பட்டு வருகிற எலிக்காய்ச்சல் கிட்னியைப் பிடித்துவிட்டது, நுரையீரலையும் பிடித்துவிட்டது என்றார்கள். மார்கழி பிறந்து நாலாம் நாள் அவன் செத்துப் போனான். முப்பத்தாறு வயது.

சுடலைக்குப் போய் வந்த ஆட்கள் கால் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும். அதற்காக யாரோ உன்னிடம் கிணற்று வாளியைக் கொடுத்து வாசலில் வைக்கச் சொன்னார்கள். நீ வாளியைத் தூக்க முடியாமல் இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு வந்தாய். ஆட்கள் ஒவ்வொருவராக அதில் தண்ணீர் அள்ளிக் கால் கழுவினார்கள். நான் வரிசையில் கடைசி. என் முறை வந்தபோது ஒன்று விளங்கியது. இந்த வாசலில் கால் கழுவ நாங்கள் நல்ல தண்ணீர் வைத்தது அன்றைக்குத்தான் முதல் தரம்.

அந்த வருடம் சித்தப்பா விட்ட வேலையை நான் தனியாக இழுத்து முடித்தேன். இந்த வருடக் காலபோக விதைப்புக்குத் தனியாக ஏலாது. அம்மா வயலுக்கு இறங்க வேண்டும். அதை அம்மா ஆடி மாதத்திலேயே சொல்லிவிட்டா. நீ அப்போது பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாய். கையை நிறுத்தினாய். பிறகு மறுபடியும் உரித்தாய். அடுத்த நாளில் இருந்துதான் நீ கால் கழுவுவது மூன்று தரத்தில் இருந்து ஆறாகப் போனது. அதை இதோடு சேர்த்துப் பார்க்க எனக்கு ஒரு மாதம் எடுத்தது.

விறாந்தையை உடைக்க வேண்டும் என்று நான் நினைத்தது அப்போதுதான். சேறு வீட்டுக்குள் வரட்டும். கூரைக்குக் கீழே, நல்ல தண்ணீரில், சவர்க்காரத்தோடு கழுவட்டும். அம்மாவிடம் சொன்னேன். அம்மா மறுத்துவிட்டா.

"அது அவன் படுத்த இடம். ஆட்டைத் திவசம் முடியேல்லை. அதுக்குள்ள கை வைக்கிறதோ?"

"திவசம் மார்கழியில. விதைப்பு ஐப்பசியில. நீர் அதுக்கு முந்தி வயலுக்க இறங்கவேணும்."

"இறங்கிறன். எனக்கு ஒண்டும் வராது."

"அவனும் உப்பிடித்தான் சொன்னவன்."

"வீட்டு வாசல்ல சேத்தைக் கொண்டுவந்து கொட்டி, செருப்பை அடுக்கி வைச்சா லச்சுமி வருவாளோ? பிள்ளையாற்ற படத்துக்குக் கீழ?"

"லச்சுமி வரட்டும், வராமப் போகட்டும். நீர் வந்தாக் காணும்."

 அதற்குப் பிறகு ஒரு கிழமை என்னோடு சாப்பாட்டுக் கதை மட்டும்தான். பிறகுதான் உன் குதிக்காலில் இரத்தத்தைப் பார்த்தா. அன்றைக்குப் பின்னேரம் தானாகவே போய் சித்தப்பாவின் பாயைச் சுருட்டினா. சுருட்டிவிட்டு, சுருட்டிய பாயைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றா. "பெட்டியை நீங்கள் தூக்குங்கோ. எனக்கு ஏலாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனா.

நான் றங்குப்பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தேன். நீலச் சேட்டை ஆணியில் இருந்து எடுத்தேன். மீற்றர் பெட்டிக்கு மேலே கையை விட்டுச் சீப்பையும் கண்ணாடியையும் எடுத்தபோது, பின்பக்கத்தில் சுவருக்கும் பெட்டிக்கும் இடையில் ஒரு குளிசை அட்டை செருகியிருந்தது. பார்த்ததும் தெரிந்தது. போன வருடம் விதைப்புக்கு முன்னர் சுகாதாரக் கந்தோரில் இருந்து ஓர் ஐயா வந்து, வயலுக்கு இறங்குகிற ஆட்களுக்கெல்லாம் கொடுத்த குளிசை. எலிக்காய்ச்சல் வராமல் இருக்கக் கிழமைக்கு ஒரு நாள் போட வேண்டும் என்று சொன்னவர். சித்தப்பாவின் அட்டையில் இரண்டு மட்டும் குறைந்திருந்தன. மற்றதெல்லாம் அப்படியே இருந்தன. வயிறு எரியுது என்று ஒரு நாள் சொன்னது நினைவுக்கு வந்தது.

அந்த அட்டையை மூன்று நாள் என் சேட் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். உண்மையைச் சொல்வதென்றால் எனக்கு ஒரு ஆறுதல் வந்தது. இதை உனக்குக் காட்டினால் உன் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்தேன். என் பாரமும் இறங்கும் என்று நினைத்தேன், அதையும் மறைக்கவில்லை. நாலாம் நாள் நீ கிணற்றடியில் நின்றபோது கொண்டுவந்து காட்டினேன்.

"பாத்தியோ பிள்ளை. சித்தப்பா குளிசை போடேல்லை. போட்டிருந்தால் ஒண்டும் நடந்திருக்காது."

நீ அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"அப்ப சித்தப்பான்ர பிழையா?"

 உன் தலையில் இருந்ததைத் தூக்கிச் செத்த மனிசன் தலையில் வைக்கப் பார்த்திருக்கிறேன். அதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரே கேள்வியில் கண்டுபிடித்துவிட்டது.

"நீங்கள் போட்டனீங்களா அப்பா?" என்று அடுத்ததாகக் கேட்டாய்.

என்னுடைய அட்டை அலுமாரிக்குள் கிடந்தது. ஒன்றுகூடக் குறையாமல் கிடந்தது. அதையும் உனக்குச் சொன்னேன்.

"சட்டம் போட்டது நான் பிள்ளை. நீ சும்மா விளையாட்டுக்கு நிண்டனி."

"நான்தான் திருப்பி அனுப்பினனான்."

"நான் பாத்துக்கொண்டு இருந்தனான். காயம் எரியுது எண்டு என்னட்டத்தான் சொன்னவன். உன்னட்டச் சொல்லேல்லை."

நீ அட்டையை என் கையில் திருப்பித் தந்துவிட்டு வாளியை எடுத்தாய். நான் அங்கேயே நின்றேன். நீ ஐந்து தரம் கழுவினாய். ஒன்று குறைந்தது என்று எண்ணிக்கொண்டு திரும்பி வந்தேன். அதற்கு வேறு காரணம் இருந்திருக்கலாம், தண்ணீர் முடிந்திருக்கலாம்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். ஆஸ்பத்திரியில் டொக்டரிடம் நான் கேட்டேன், அந்த வாய்க்கால் தண்ணீரால்தான் வந்ததா என்று. "நாள் முழுக்க வயல் தண்ணிக்குள்ள நிண்ட ஆள். எங்க பிடிச்சது எண்டு ஒருத்தராலயும் சொல்லேலாது" என்றார். அது உண்மை. எனக்கும் தெரியாது. தெரியாது என்பதோடுதான் நாம் மூன்று பேரும் இருக்க வேண்டும். சின்னவளையும் சேர்த்தால் நாலு பேர்.

மாபிளை நானே உடைத்தேன். மேசனைக் கூப்பிடவில்லை. வாசல்படியில் இருந்து உள்ளுக்கு மூன்றடி, அகலம் முழுவதும். ஒவ்வொரு மாபிளும் உடைகிற சத்தத்துக்குச் சின்னவள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மா வெளியே வந்து பார்க்கவில்லை. நாலு விரல் ஆழத்துக்கு வெட்டி, கொங்கிறீட் போட்டு, மூலையில் ஓட்டை வைத்து, அதில் இருந்து பைப்பைச் சுவருக்கு அடியால் கொண்டுபோய், வாழைக்குப் பக்கத்தில் கல் நிரப்பிய குழியில் விட்டேன். சீமெந்து இறுகியதும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். தண்ணீர் ஓட்டைக்குப் போகவில்லை. கொங்கிறீட்டைக் கூடின உயரத்துக்குப் போட்டுவிட்டேன்; தண்ணீர் கதவுக்குக் கீழால் நேராக வீட்டுக்குள் போனது.

"அப்பா, குளம் கட்டினனீங்களோ?" என்றாள் சின்னவள். ஓடிப்போய் தான் விளையாடுகிற கண்ணாடிப் போளை ஒன்றைக் கொண்டுவந்து பள்ளத்தில் உருட்டினாள். எந்தப் பக்கத்தில் வைத்தாலும் போளை கதவுப் பக்கமே ஓடியது. அம்மா துடைக்கிற துணியோடு வந்து, வீட்டுக்குள் நிற்கிற தண்ணீரைப் பார்த்து, என்னைப் பார்த்து, "லச்சுமி வராட்டியும் வெள்ளம் வந்திட்டுது" என்றா. பத்து மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அம்மா சிரித்த சத்தம் கேட்டது. அதே மூச்சில் அழுதா. நான் கொங்கிறீட்டை உடைத்து மறுபடியும் போட்டேன். இரண்டாம் தரம் போளை ஓட்டைக்குள் விழுந்து தொலைந்தது. சின்னவள் இன்றைக்கும் என்னிடம் அந்தப் போளையைக் கேட்கிறாள்.

பெட்டிகள் வாங்க மீன்பிடிகாரர் இருக்கிற தீவுக்குப் போனேன். தாழ்வுபாட்டுக் கரையில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு மீன்பிடிகாரரிடம் பழைய பிளாஸ்ரிக் மீன் பெட்டி இருக்குமா என்று கேட்டேன்.

"வயல்காரன் மாதிரி இருக்கிறியள். வயலுக்க மீன் பிடிபடுதோ இந்த முறை?"

"செருப்பு அடுக்க அண்ணை."

"செருப்பை இதுக்க வைச்சா செருப்பு மணக்கும்."

"வயல் செருப்பை வைச்சா பெட்டி மணக்கும். ரெண்டும் சண்டை பிடிக்கட்டும்."

சிரித்துக்கொண்டு நாலு பெட்டி எடுத்து வைத்தார். பிறகுதான் என்னத்துக்கு இதெல்லாம் என்று கேட்டார். சொன்னேன். அவர் எழும்பிப் போய் ஒரு கத்தியை எடுத்து வந்தார். கிழிந்த வலை ஒன்றில் பெரிய துண்டாக வெட்டி, சுருட்டி, பெட்டிக்குள் வைத்தார். "ஈர உடுப்பைத் தொங்கவிடுங்கோ. காத்துப் பிடிக்கும், கெதியாக் காயும்" என்றார். அந்த வலைதான் இப்போது தொங்குகிறது.

பெட்டியைச் சுவரில் அறைவதற்கு ஆணி அடித்தபோது சித்தப்பாவின் ஆணியைப் பிடுங்கவில்லை. அது இருந்த இடம் பெட்டிக்கு இடைஞ்சல்தான். ஒரு பெட்டியை அரை அடி தள்ளி அறைந்தேன். அதனால்தான் நாலு பெட்டியும் ஒரே வரிசையில் இல்லை. அந்த ஆணியில் ஒருவரும் ஒன்றும் கொழுவுவதில்லை. அப்படிச் சட்டம் ஒன்றும் நான் போடவில்லை. இனிமேல் இந்த வீட்டில் சட்டம் போடுகிற எண்ணமும் எனக்கு இல்லை.

பள்ளத்துக்கும் கதவுக்கும் நடுவில் செங்கல்லை ஒரு வரிசையாகப் பதித்தேன். கல்லுக்கு அந்தப் பக்கம் சேறு, இந்தப் பக்கம் வீடு. உட்கார்ந்து கால் கழுவப் பனம்பலகை. வலைப்பைக்குள் சவர்க்காரம். காலையில் குழாயில் தண்ணீர் வருகிறபோது பரலை நிரப்ப வேண்டும். குளிசைகளை ஒரு ரின்னில் போட்டு, பரலுக்கு மேலே தட்டில் வைத்தேன். இந்த வருடமும் அதே ஐயா வந்து கொடுத்தார். வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்கு விளக்கு வைத்ததும் அம்மாவும் நானும் சாப்பிட்டுவிட்டுப் போடுகிறோம். எனக்கும் வயிறு எரிகிறது. எரியட்டும் என்று இருக்கிறேன்.

அம்மாவுக்கு றப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தேன். முதல் நாளே களிக்குள் பூட்ஸ் புதைந்தது. கால் மட்டும் வெளியே வந்தது. அம்மா ஒற்றைக் காலில் நின்று அதை இழுத்த இழுவையைப் பார்த்துப் பக்கத்து வயல்காரர் "அக்கா, நாத்து நடுறியளோ பூட்ஸ் நடுறியளோ?" என்று கேட்டார். கடைசியில் அம்மா அதைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு இறங்கினா. ஆகவே பூட்ஸ் பெட்டிக்குள் காய்ந்தபடி இருக்கிறது. எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டேன் என்று நான் சொல்லவில்லை.

அன்றைக்குப் பின்னேரம் நாங்கள் இரண்டு பேரும் வயலால் வந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. முழங்கால் வரை சேறு. கேற்றடிக்கு வந்ததும் அம்மா பழக்கத்தில் வாய்க்கால் பக்கம் திரும்பி, அந்தக் கல்லில் ஒரு காலை வைத்தா. கல்லை நான் எடுத்துப்போட மறந்திருந்தேன். எல்லாம் கட்டினேன், அதை மட்டும் மறந்தேன். என் காலும் அந்தப் பக்கமே போனது, நானும் சும்மா நின்றேன்.

"அம்மா! அந்தத் தண்ணிக்க கால் வைக்காதேங்கோ!"

பத்து மாதமாக நீ அந்தப் படியில் நின்றதில்லை. அன்றைக்கு நின்றாய். குரல் கீச்சிட்டது, முகம் கோபத்தில் சிவந்திருந்தது. "சேத்தோட வாங்கோ! அப்பிடியே வாங்கோ!" என்று கத்தினாய். அம்மா பயந்துபோய் அப்படியே வந்தா. படியிலும் சேறு, பலகையிலும் சேறு, நடக்கத் தெரியாமல் செங்கல்லைத் தாண்டி வைத்த ஒரு காலால் வெள்ளை மாபிளிலும் சேறு. நீ பைப்பைத் திறந்து அம்மாவின் காலைப் பிடித்து, சவர்க்காரம் போட்டு, ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தாய். நான் தள்ளி நின்றேன். இடது கால் சின்னவிரலுக்குக் கீழே தோல் உரிந்திருந்தது. பூட்ஸ் உரசியது. நீ அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாய். உன் பார்வையில் இருந்தது என்னவென்று எனக்குத் தெரியும். எனக்குள்ளும் அதுதான் இருந்தது.

அதற்குப் பிறகு நீ நாளுக்கு ஒன்றாகக் கலண்டரில் பென்சிலால் புள்ளி வைக்கத் தொடங்கினாய். காலையில் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட முதல், அம்மாவைப் பனம்பலகையில் இருத்தி நெற்றியில் கை வைத்துப் பார்ப்பாய். கண்ணைக் கீழே இழுத்துப் பார்ப்பாய். "கெண்டைக்கால் நோகுதா?" என்று கேட்பாய். அம்மா சலிக்காமல் இருக்கிறா. "நோகேல்லை டொக்டர் அம்மா" என்று ஒரு நாள் சொன்னா. நீ சிரிக்கவில்லை.

அந்தக் கல்லை அடுத்த நாளே தூக்கி எறிந்துவிட்டேன். எறிந்த இடத்தைக் கேட்காதே, கெட்ட கோபத்தில் எறிந்தேன்.

இன்றைக்குப் பன்னிரண்டாவது புள்ளி. சித்தப்பாவுக்குக் காய்ச்சல் தொடங்கிய நாள் கணக்குத் தாண்டிவிட்டது, அம்மாவுக்குக் காய்ச்சல் இல்லை. நாளைக்கும் வயல் இருக்கிறது, நாளைக்கும் சேறு இருக்கிறது, இனி வருகிற புள்ளிகளை நான் எழுத முடியாது. மாபிளில் அம்மாவின் காலடி பட்ட இடத்தில் மங்கலாக ஒரு கறை நின்றுவிட்டது. துடைத்தேன், போகவில்லை. விட்டுவிட்டேன்.

நீ இன்று பள்ளிக்கூடத்தால் வந்து, பரலடியில் பலகையில் இருந்து கால் கழுவினாய். நான் சேட்டை வலையில் போடுகிற மாதிரி நின்று எண்ணினேன். இரண்டு தரம். பிறகு எழும்பி, பைப்பைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாய். மூன்றாம் தரம் கழுவாமல் செங்கல்லைத் தாண்டி உள்ளே போனாய்.